கேள்வி–பதில்: போட்டு வைத்த ரூட்

கேள்வி: என் மகள் பைலட் பயிற்சியில் இருக்கிறாள், சின்ன விமானம்தான். ஜிபிஎஸ் கருவியில் அவளே இரண்டு மூன்று ரூட் போட்டுச் சேமித்து வைத்திருக்கிறாள். அப்படியும் ஒவ்வொரு தடவையும் கிளம்புமுன் பாயிண்ட் பாயிண்டாகப் படிக்கச் சொல்லி இன்ஸ்ட்ரக்டர் உயிரை எடுக்கிறாராம். சேமித்த பிறகு எதற்கு இந்த வேலை? (வாசகி, திருமங்கலம்)

பதில்: இன்ஸ்ட்ரக்டரைத் திட்ட வேண்டாம், அவர் பக்கம்தான் நியாயம். ஆரப்பாளையத்தில் தேனி பஸ்ஸைப் பாருங்கள், வருஷம் முழுக்க ஒரே போர்டு, ஆனால் அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு பஸ் எந்தத் தெருவில் திரும்பும் என்று போர்டுக்குத் தெரியாது. சேமித்த ஃப்ளைட் பிளானும், அதாவது உங்கள் மகள் போட்டு வைத்த ரூட்டும், அப்படித்தான். அதில் இருப்பது பெரும்பாலும் பாயிண்டுகளின் பெயர் வரிசை. அந்தப் பெயர் எந்த இடம் என்பதைக் கருவி தன் டேட்டாபேஸில் தேடி எடுக்கும், அதுவோ 28 நாளைக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. போன மாதம் இருந்த பாயிண்ட் இந்த மாதம் இல்லாமல் போகலாம். மகளே அட்சரேகை, தீர்க்கரேகை அடித்துப் போட்ட பாயிண்ட் என்றால் இன்னும் மோசம், ஒரு எண் தப்பினாலும் அந்தத் தப்பு அப்படியே பத்திரமாக உட்கார்ந்திருக்கும்.

படிக்கும்போது பெயரை மட்டும் பார்த்தால் போதாது, தூரத்தையும் திசையையும் பார்க்க வேண்டும். மதுரையிலிருந்து திருச்சி வான்வழியில் சுமார் 67 நாட்டிகல் மைல், திசை 33 டிகிரி சொச்சம். திரையில் 213 என்று வந்தால்? அது நேர் எதிர்த் திசை, திரும்பி வருவதற்காகத் தலைகீழாக்கிய பிளானைத் தூக்கிவிட்டாள் என்று அர்த்தம்.

அப்புறம் இன்னொன்று. கேஎல்என் 90பி மாதிரி பழைய கருவிகளில் 0 முதல் 25 வரை பிளான் எண் உண்டு. பறப்பது எப்போதும் 0-வில்தான், சேமித்ததை அதற்குள் நகல் எடுக்க வேண்டும். 7-ல் சேமித்ததை எடுத்துப் பறக்கிறாள் என்றால், வழியில் 0-வைத் திருத்தினால் 7-ல் இருப்பது மாறாது. அடுத்த வாரம் 7-ஐ எடுத்தால் பழைய வழியேதான் வரும்.

கேள்வி: பெரிய விமானத்திலும் இதே கதைதானா? (வாசகர், உசிலம்பட்டி)

பதில்: ஆமாம். கம்பெனி ரூட் என்று ஒரு குறியீட்டை அடித்தால் முழு வழியும் வந்துவிடும், ஒருவர் போட இன்னொருவர் சரிபார்ப்பார். மதுரையில் ஓடுபாதையின் 09 பக்கமா (கிழக்கு நோக்கி) 27 பக்கமா (மேற்கு நோக்கி) இறங்குவது என்பது மட்டும் அன்றைய காற்றைப் பார்த்துத்தான். 1979 நவம்பர் 28 அன்று அண்டார்டிகாவைச் சுற்றிக்காட்டப் போன ஏர் நியூசிலாந்து டிசி-10 விமானம் அங்குள்ள எரேபஸ் மலையில் மோதி 257 பேர் இறந்தார்கள். கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பு, தரைக் கம்ப்யூட்டரில் இருந்த பிளானில் ஒரு பாயிண்டின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத் திருத்தியிருந்தார்கள், பைலட்டுகளுக்கு யாரும் சொல்லவில்லை. தாழப் பறந்தது, மலையும் மேகமும் ஒரே வெள்ளையாகத் தெரிந்தது என்று வேறு காரணங்களும் உண்டு, யார் மேல் தப்பு என்று பல வருஷம் சண்டை நடந்தது. ஆனால் கேப்டன் முந்தின இரவு வீட்டில் மேப்பை விரித்து வைத்துக் கோடு போட்டுப் பார்த்தது பழைய எண்களை வைத்துத்தான்.