வழுக்கும், மெல்ல வைக்கும், வெடிக்கும்: விருந்து ஷாட் கேள்வி பதில்

கிளிநொச்சியில் பிறந்தநாள், சாமத்திய வீடு, கலியாண வீடு என்று விசேடங்களுக்குக் குளிர்பானம் செய்து கொடுப்பது என் வேலை. சின்னக் கிளாஸில் ஒரே மடக்காகக் குடிக்கும் ஷாட்டை எப்படிச் செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். அதிலும் வாய்க்குள் போனதும் வேறு மாதிரி இருக்கும் வகைகளைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருந்தீர்கள். நான் மது சேர்க்காமல்தான் செய்கிறேன். மதுவைப் பற்றி வந்த கேள்விக்கும் பதில் கீழே இருக்கிறது.

அக்கா, பிறந்தநாளுக்கு ஜெலி ஷாட் செய்தேன். பிரிஜ்ஜுக்குள் நல்லா இறுகியிருந்தது. மண்டபத்துக்குக் கொண்டுபோய் வைக்க எல்லாம் தண்ணியாப் போச்சு. என்ன பிழை? (மாங்குளம்)

உங்களில் பிழை இல்லை, தங்கச்சி. கடை ஜெலிப் பக்கெற்றில் பெரும்பாலும் இருப்பது ஜெலற்றின். அது 30 பாகை செல்சியஸைத் தாண்டினாலே இளகத் தொடங்கி, 35 பாகையை அண்டும்போது உருகிவிடும். சித்திரை வைகாசியில் நம்முடைய தகரக் கூரை மண்டபம் எப்படிக் கொதிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அகர் அகருக்கு மாறுங்கள். கடற்பாசி, சைனா கிராஸ் என்று விற்பதும் அதுதான். அது 35 முதல் 40 பாகைக்குள், அதாவது பிரிஜ் இல்லாமலே, இறுகிவிடும். இறுகியதைத் திரும்ப உருக்க ஏறத்தாழ 85 பாகை வேண்டும். கரண்ட் போனாலும், ஐஸ் தீர்ந்தாலும் நிற்கும். வன்னியில் விருந்து செய்பவருக்கு இதைவிட நம்பிக்கையான பொருள் இல்லை என்பது என் எண்ணம். கடற்பாசியிலிருந்து எடுப்பதால் சைவக்காரருக்கும், முஸ்லிம் விருந்தாளிகளுக்கும் தயங்காமல் கொடுக்கலாம். ஜெலற்றின் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுக்கப்படுவது. ஆகவே பக்கெற்றைப் படித்துப் பார்க்காமல் பொது விருந்துக்குக் கொண்டுபோக வேண்டாம்.

அளவு: அரை லீற்றர் திரவத்துக்கு மட்டமாக ஒரு தேக்கரண்டி தூள், ஏறக்குறைய 2 கிராம். இது வாய்க்குள் வழுக்கிப் போகும் பதம். வெட்டித் துண்டாக்க வேண்டுமானால் இரண்டு தேக்கரண்டி. குளிர்ந்த தண்ணீரில் தூளைக் கலக்கிவிட்டு அடுப்பில் வையுங்கள். கொதி வந்தபின் இரண்டு நிமிடமாவது கிண்டிக்கொண்டே கொதிக்க விட வேண்டும். இந்த இரண்டு நிமிடத்தில் அவசரப்படுபவர்களுக்குத்தான் அடியில் மணல் மணலாக நிற்கும். தூள் கடைக்குக் கடை வேறுபடும். அதனால் முதல் தடவை ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் ஊற்றி, இறுகும் பதத்தைப் பார்த்த பிறகு கிளாஸ்களை நிரப்புங்கள்.

அன்னாசிச் சாறில் ஜெலி இறுகவே இல்லை. ஏன் அப்படி? (ஒட்டுசுட்டான்)

பச்சை அன்னாசியில் புரதத்தை அறுக்கும் புரோமலைன் என்ற நொதி இருக்கிறது. ஜெலற்றின் புரதம், அதனால் அறுபட்டுப் போகிறது. பப்பாசியிலும் இதே தொல்லை. சாறைக் கொதிக்க வைத்தால் நொதி செத்துவிடும். அகர் புரதம் அல்ல, அதை அன்னாசி ஒன்றும் செய்யாது. ஆனால் தேசிக்காய்ப் புளியோடு சேர்த்துக் கொதிக்க வைத்தால் அகரும் பலம் குறையும். புளியை அடுப்பிலிருந்து இறக்கியபின் சேருங்கள்.

யூரியூப்பில் வாய்க்குள் உருளும் முத்து முத்தான ஷாட் பார்த்தேன். அதற்குச் சொல்லும் தூள்கள் இங்கே கிடைக்காதே, அக்கா? (முல்லைத்தீவு)

அவர்கள் காட்டுவது சோடியம் அல்ஜினேற்றையும் கல்சியம் உப்பையும் கொண்டு செய்வது. மெல்லிய தோலும் உள்ளே சாறுமாக இருக்கும், கடித்தால் உடையும். அகரில் செய்தால் உள்ளே சாறு இருக்காது, முழுதும் ஜெலியாகத்தான் வரும். அதுவும் பார்க்க அழகு, வாய்க்கும் நல்ல விளையாட்டு.

உயரமான கிளாஸில் சூரியகாந்தி எண்ணெய் ஊற்றி ஒரு மணித்தியாலம் பிரிஜ்ஜில் வையுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், 24 பாகையிலேயே உறைந்துவிடும். நல்லெண்ணெய் மணம் முத்தில் ஏறும். நன்னாரி சர்பத்தை அகரோடு கொதிக்க வைத்து, அல்லது அகரைத் தண்ணீரில் கொதிக்க வைத்து இறக்கியபின் புளிப்பான நெல்லிச் சாறைச் சேர்த்து, சற்று ஆறவிட்டு, மருந்துக்கடையில் வாங்கும் ஊசியில்லாத சிரிஞ்சால் எண்ணெய்க்குள் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சொட்டு கீழே போய்ச் சேருவதற்குள் உருண்டு இறுகிவிடும். கிளாஸ் கட்டையாக இருந்தால் அடியில் தட்டையாகிவிடும், உயரம் முக்கியம். வடித்து, குளிர்ந்த தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசினால் எண்ணெய் போய்விடும். எண்ணெயை வடிகட்டிச் சமையலுக்கு எடுக்கலாம்.

கனடாவிலிருந்து வந்த மச்சான் ‘சிமெந்து மிக்ஸர்’ என்று ஒரு ஷாட்டைப் பற்றிச் சொல்கிறார். வாய்க்குள்ளேயே இறுகுமாம். உண்மையா? (வவுனியா)

உண்மைதான், தம்பி. ஐரிஷ் கிறீம் என்ற பால் சேர்ந்த மதுவை வாயில் வைத்துக்கொண்டு, மேலே தேசிக்காய்ச் சாறு விட்டுக் கொப்பளிப்பார்கள். புளிப்பு ஏறி, அமிலத்தைக் காட்டும் பிஎச் அளவு 4.6க்கு இறங்கும்போது பாலிலுள்ள கேசீன் புரதம் திரளும். தயிர் உறைவதும் இதே காரணத்தால்தான். வாய்க்குள் திடீரென்று கட்டி தட்டுவதுதான் அந்த வேடிக்கை. சுவை என்று பார்த்தால் எனக்கு அதில் பெரிய மதிப்பு இல்லை.

மது இல்லாமல் இதையே சுவையாகச் செய்யலாம். ரின்பால் (கொண்டென்ஸ்ட் மில்க்) இரண்டு மேசைக்கரண்டி, குளிர்ந்த பால் ஒரு மேசைக்கரண்டி, இரண்டையும் கலந்து கிளாஸில் விடுங்கள். தேசிக்காய்ச் சாறு ஒரு மேசைக்கரண்டியைத் தனிக் கிளாஸில் கொடுங்கள். விருந்தாளியே ஊற்றிக் கலக்க, கண்ணுக்கு முன்னாலேயே தடித்துக் களி மாதிரி ஆகும். ரின்பால் கெட்டியாக இருப்பதால் வழுவழுப்பாக வரும். வெறும் பசும்பாலில் செய்தால் திரிந்து தண்ணீர் பிரியும், அது யாருக்கும் பிடிக்காது.

சாராயத்தில் ஜெலி போடலாமா? (மல்லாவி)

போடலாம். அகரைத் தண்ணீரிலோ சாறிலோ கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்து, இறக்கி, தள்ளி வைத்தபின்தான் சாராயத்தைக் கலக்க வேண்டும். எரியும் அடுப்புக்குக் கிட்ட ஒருபோதும் வேண்டாம், ஆவி தீப்பிடிக்கும். குளிர்ந்த சாராயத்தை விட்டால் அகர் இடையிலேயே கட்டி தட்டும், அறை வெப்பத்தில் இருக்கட்டும். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் இறுகுவதும் கெடும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஜெலியாகச் சாப்பிடும்போது எவ்வளவு குடித்தோம் என்று தெரியாது. இலங்கையில் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு மது விற்கக் கூடாது என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். பிள்ளைகள் ஓடித்திரியும் வீட்டில் சாராய ஜெலியும் சாதாரண ஜெலியும் ஒரே நிறத்தில் ஒரே தட்டில் இருப்பது பெரிய ஆபத்து. நிறமும் வேறு, மேசையும் வேறு, பக்கத்தில் ஒரு பெரியவர் நிற்க வேண்டும். அப்படி முடியாவிட்டால் செய்யாதீர்கள்.

கடைத் தூள் இல்லாமல் எங்கட இடத்துச் சாமானில் ஏதாவது? (புதுக்குடியிருப்பு)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நுங்கை எந்த ஜெலியாலும் வெல்ல முடியாது. இளம் நுங்காக எடுத்து, துவர்க்கும் தோலை உரித்து, சின்னச் சதுரமாக வெட்டி, இளநீரில் போட்டு, இரண்டு சொட்டுத் தேசிக்காய் விடுங்கள். அன்றன்றே முடித்துவிட வேண்டும்.

எருமைத் தயிரைப் பனங்கட்டிப் பாணியோடு அடித்து, பலூடாவுக்குப் போடும் கசகசாவை (சப்ஜா விதை) ஊற வைத்துச் சேர்த்தால் அடுத்தது. கசகசா கால் மணித்தியாலமாவது ஊறட்டும். ஊறாததை விழுங்கினால் தொண்டையில் வீங்கும்.

பாலைப்பழக் காலமானால், நன்றாகக் கனிந்ததாகப் பார்த்து, விதை எடுத்து நறுக்கிக் கிளாஸின் அடியில் போடுங்கள். முற்றாகக் கனியாததில் பால் உதட்டில் ஒட்டும். குடித்து முடித்தபின் அடியில் மெல்ல ஒன்று கிடைப்பது வெளிநாட்டிலிருந்து வருபவர்களை அப்படியே பழைய நாட்களுக்குக் கூட்டிப்போகும். தவறாமல் இரண்டாவது கிளாஸ் கேட்பார்கள்.

நுங்குக்குள் திராட்சை வைத்து ‘கண்முழி’ ஷாட் செய்து பிள்ளைகளுக்குக் கொடுக்க ஆசை. (பரந்தன்)

பெரிய பிள்ளைகளுக்குக் கொடுங்கள், மிகவும் ரசிப்பார்கள். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் வேண்டாம், அன்ரி. முழுத் திராட்சையும் வழுக்கும் உருண்டை ஜெலியும் சின்னத் தொண்டையை அடைத்துவிடும். கொன்ஜாக் என்ற கிழங்குப் பசை சேர்த்த சின்னக் கோப்பை ஜெலிகளை ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்ததும் பிள்ளைகளுக்கு மூச்சடைத்ததால்தான். சின்னவர்களுக்குத் திராட்சையை நீளவாட்டில் நான்காக வெட்டி, கரண்டியோடு, இருத்தி வைத்துக் கொடுங்கள்.

வாயில் வெடிக்கும் இனிப்பைக் கிளாஸ் விளிம்பில் ஒட்டினேன். பரிமாற முதலே எல்லாம் வெடித்து முடிந்துவிட்டது. (கனகராயன்குளம்)

அந்த இனிப்புக்குள் அழுத்தத்தில் அடைபட்ட காபனீரொட்சைட்டு இருக்கிறது. ஈரம் பட்டதும் சீனி கரைந்து வாயு வெளியேறும். சீனிப்பாணியால் ஒட்டினால் அப்படித்தான் ஆகும். உருக்கிய சொக்லேற்றில் விளிம்பைத் தோய்த்து, அது முற்றாக இறுகுமுன் இனிப்பைத் தொட்டு எடுங்கள். குளிர்ந்த கிளாஸில் வியர்வை பிடிக்கும், ஆகவே கிளாஸை முன்கூட்டிக் குளிர வைக்க வேண்டாம். பானத்தைக் கடைசி நேரத்தில் விளிம்பில் படாமல் ஊற்றுங்கள்.

நூறு பேருக்கு எப்போது செய்யத் தொடங்க வேண்டும்? (விசுவமடு)

ஒருவருக்கு இரண்டு என்று வையுங்கள், ஒவ்வொன்றும் 40 மில்லிலீற்றர். எட்டு லீற்றர் வரும். அகர் ஜெலியும் முத்தும் முதல் நாள் இரவே செய்து மூடி வைக்கலாம். கசகசா காலையில். நுங்கு, தயிர், தேசிக்காய் எல்லாம் விருந்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னால். ஐஸை ஷாட்டுக்குள் போடாமல் தட்டின் கீழே பரப்புங்கள்.