டிரிஸில், ஷவர், மிஸில்: எல்லாம் தூறல்தானா?

கேள்வி: பிரிட்டனின் வானிலை அறிக்கைகளில் டிரிஸில், லைட் ரெயின், ஷவர் என்று வெவ்வேறாகச் சொல்கிறார்கள். மூன்றும் தூறலைத்தானே குறிக்கின்றன?

பதில்: இல்லை. தாழ்ந்து படர்ந்த அடுக்கு மேகத்திலிருந்து, 0.5 மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டமுள்ள துளிகள் நெருக்கமாக, ஏறத்தாழ மிதந்தபடி இறங்கினால்தான் வானிலையாளர்கள் அதை டிரிஸில் என்பார்கள். துளி அதைவிடப் பெரிதாக இருந்து மழை மெல்லப் பெய்தால் அது லைட் ரெயின். ஷவர் என்ற சொல்லுக்கோ மழையின் வலிமையோடு தொடர்பே இல்லை. திரள் மேகத்திலிருந்து திடீரெனத் தொடங்கிச் சிறிது நேரத்தில் நின்றுவிடுவதே அதன் இலக்கணம் என்பதால், 'ஹெவி ஷவர்' என்று சொல்வதில் முரண்பாடு எதுவும் கிடையாது.

பேச்சு வழக்கு இன்னும் சுவையானது. ஓரிரு துளிகள் மட்டும் விழும்போது 'இட்ஸ் ஸ்பிட்டிங்' என்பார்கள். நேர்ப்பொருள் துப்புவது என்றாலும், மழையைப் பற்றிச் சொல்லும்போது அது அநாகரிகமான பேச்சு ஆகாது. எனக்கு மிகவும் பிடித்த சொல், தென்மேற்கு இங்கிலாந்தின் கார்ன்வால், டெவன் பகுதிகளில் வழங்கும் 'மிஸில்'. துளி கண்ணுக்குத் தெரியாமலே சட்டை நனைந்து, கண்ணாடியில் ஈரம் படியும் மழை அது. மிஸ்ட் (மூடுபனி), டிரிஸில் என்னும் சொற்களை ஒட்டி அண்மையில் உருவாக்கியது என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது 15ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் வழங்கிய பழஞ்சொல்.