மருந்தளவு மாறிய மூன்றே வாரத்தில் டிஎஸ்எச் பார்க்கலாமா?

வணக்கம் சகோதரி. தைராய்டு குறைபாட்டுக்கான தைராக்சின் மாத்திரையின் அளவு 50 மைக்ரோகிராமிலிருந்து 75 ஆக உயர்ந்து மூன்று வாரங்களே ஆன நிலையில், சோர்வு குறையாததால் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) பரிசோதனையை இப்போதே மீண்டும் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொறுத்திருப்பதே நல்லது என்பது என் கருத்து. இரத்தத்தில் இம்மருந்து பாதியாகக் குறையவே ஏறத்தாழ 7 நாட்கள் ஆகும். எனவே புதிய அளவு உடலில் நிலைபெற ஐந்தாறு வாரங்கள் பிடிப்பதோடு, டிஎஸ்எச்சைச் சுரக்கும், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அதற்கேற்ப டிஎஸ்எச்சைக் குறைப்பதும் மெல்லத்தான் நடக்கும் என்பதால், 6 முதல் 8 வாரங்கள் கழித்து வரும் முடிவையே நம்பலாம். இப்போது பார்த்தால், பாதி வழியில் நிற்கும் ஓர் எண்ணைக் கண்டு வீணாகக் கலங்குவீர்கள்.

அதைவிட, இரும்புச்சத்து மாத்திரையையும் காலையில் சேர்த்தே விழுங்குவதாக நீங்கள் எழுதியிருப்பதுதான் எனக்குக் கவலையளிக்கிறது. அது தைராக்சினைக் குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும். இரண்டுக்கும் இடையே 4 மணி நேர இடைவெளி விடுங்கள். அப்படி மாற்றிக்கொண்டால், அந்த நாளிலிருந்தே ஆறு வாரங்களைக் கணக்கிடுங்கள். முடி உதிர்வுக்காகப் பயோட்டின் என்ற வைட்டமின் எடுப்பவரானால், பரிசோதனைக்கு இரண்டு நாட்கள் முன்பே மருத்துவரிடம் சொல்லி நிறுத்திவிடுங்கள்.

கருவுற்றிருந்தாலோ, நெஞ்சு படபடப்பு ஏற்பட்டாலோ இந்தக் காத்திருப்பு பொருந்தாது. உடனே மருத்துவரைப் பாருங்கள்.