மிட்வைஃப் மட்டும் பார்த்தால் போதுமா?

வெளிநாடு வந்த கையோடு மூன்று மாதக் கர்ப்பம், டாக்டரைக் கண்ணிலேயே காட்டாமல் மிட்வைஃப், அதாவது பிரசவம் பார்க்கும் தாதிதான் பார்க்கிறார், இது போதுமா, வேலைக்குப் போகலாமா, வீடு மாறலாமா என்று கேட்டிருக்கிறாய் தங்கச்சி. வேலைக்கும் வீட்டுக்கும் யோசனை சொல்ல நம் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். நான் முதல் கேள்விக்கு வருகிறேன்.

சிக்கல் இல்லாத கர்ப்பத்துக்குத் தாராளமாகப் போதும். பிரஷர், சிறுநீர், வயிற்றின் வளர்த்தி, இதில் ஏதாவது இடித்தால் அவரே டாக்டரிடம் அனுப்பிவிடுவார். 12 வாரத்துக்குள் முதல் செக்கப், மொத்தம் 8 தடவையாவது பார்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-லேயே சொல்லிவிட்டது.

என் பயம் வேறு. நம் பெண்கள் மிட்வைஃபுக்குப் போன் போட மாட்டார்கள், முன்னாடியே வந்து செட்டிலான அக்காக்களைத்தான் கேட்பார்கள். எனக்கு ஏழாம் மாதம் ராத்திரியானால் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அப்படி ஒரு அரிப்பு. தோலில் ஒரு தடிப்பு கிடையாது. "வயிறு விரிந்தால் அரிக்கத்தான் செய்யும்" என்று ஒரு அக்கா தீர்ப்பே எழுதிவிட்டார். மறுநாள் செக்கப்பில் மிட்வைஃப் என் கையைத் திருப்பி, நகம் கீறிய கோடுகளைப் பார்த்தவுடன் ரத்தம் எடுத்தார். கல்லீரலில் பித்தநீர் சரியாக வடியாத கோளாறு. ரத்தத்தில் பித்த அமிலத்தின் அளவு ரொம்ப ஏறினால் குழந்தையின் உயிருக்கே ஆபத்தாம்.

அதனால் இதையெல்லாம் அக்காக்களிடம் கேட்காதே: 20 வாரத்துக்கு மேல் விடாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, விலாவுக்குக் கீழே வலி, திடீரென முகம் வீங்குவது. பிரஷர் 140/90-ஐத் தொட்டிருக்கலாம். ரத்தக்கசிவு, பனிக்குடம் உடைவது, குழந்தையின் அசைவு குறைவது, எதுவானாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கூப்பிடு.

அப்புறம், செக்கப்பில் நீயே பேசு. பாஷை வரவில்லையென்றால் மொழிபெயர்ப்பாளர் கேள், வெட்கமே வேண்டாம். "தூக்கம் எப்படி?" என்று என்னைக் கேட்டால் "நன்றாகத் தூங்குகிறாள்" என்று என் வீட்டுக்காரர் முந்திக்கொள்வார். ஒரு நாள் மிட்வைஃப் சிரித்துக்கொண்டே அவரை வெளியே உட்காரச் சொன்னார். வீட்டில் அடி உதை உண்டா என்று தனியாகக் கேட்பதும் அவர்கள் வேலைதான். அன்றைக்கு அரைகுறைப் பாஷையில் நான் கொட்டித் தீர்த்தேன், அந்த அம்மாள் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. இரண்டாவது பிள்ளைக்குப் போனபோது பிரஷர் எண்ணை நானே கேட்டு எழுதிக்கொண்டேன். யாரும் சொல்லாமலே என் வீட்டுக்காரர் வெளியே போய் உட்கார்ந்துவிட்டார்.