புரியாத பாட்டுக்கு என்ன அழுகை?

கேள்வி: கும்பகோணம் பஸ்ஸில் டிரைவர் ஒரு பழைய இந்திப் பாட்டு போட்டார். எனக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. அய்யம்பேட்டை தாண்டுவதற்குள் முந்தானை நனைந்துவிட்டது. மருமகள், ‘அர்த்தமே தெரியாம எதுக்கு அத்தை அழுதீங்க?’ என்று சிரிக்கிறாள். எனக்கு ஏதாவது கோளாறா? (வாசகி, பாபநாசம்)

பதில்: இது கோளாறு என்றால் நம் பக்கம் பாதிப் பேருக்கு உண்டு, அம்மா. திருவையாறு தியாகராஜர் ஆராதனைப் பந்தலில் அவருடைய பஞ்சரத்னம் என்ற ஐந்து கீர்த்தனைகளைப் பாடும்போது சுற்றிலும் பாருங்கள். ஐந்தில் முதல் கீர்த்தனை சமஸ்கிருதம், மற்ற நான்கும் தெலுங்கு. தொடையில் தாளம் போட்டபடி கண்ணைத் துடைக்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தெலுங்கு தெரியும்?

நம் மேடையில் நம் மொழி வேண்டும் என்று 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கினார்களே, அந்த ஆதங்கம் நியாயமானது. ஆனால் அது மேடை விவகாரம். பஸ்ஸில் வந்த கண்ணீருக்கு அந்தக் கணக்கு கிடையாது.

அட, நாதஸ்வரத்தில் வார்த்தை ஏது? சின்ன வயதில் எங்கள் ஊர் சாமி புறப்பாட்டில் பார்த்தது: காவிரிக் கரையில் விளையும் கொறுக்கைத் தட்டையில் செய்த சீவாளி, அதாவது நாதஸ்வரத்தின் ஊதுமுனை. அதை வாயில் வைத்து ஈரப்படுத்தி, இரண்டு தடவை ஊதிப் பார்த்துவிட்டு, வித்வான் தோடி ராகத்தை எடுத்தார். தீவட்டி பிடித்திருந்தவர் தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவரிடம் யாரும் அர்த்தம் கேட்கவில்லை.

2018-ல் ஓர் ஆய்வு வந்தது. உலகின் பல சமூகங்களின் பாட்டுகளில் 14 விநாடித் துண்டுகளை 60 நாட்டுக்காரர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். மொழி தெரியாமலே தாலாட்டையும் ஆட்டப் பாட்டையும் பெரும்பாலும் சரியாகச் சொன்னார்கள். காதல் பாட்டில்தான் தடுமாறினார்கள்! ஆக, நீங்கள் எதற்காக அழுதீர்களோ, பாட்டு அதைப் பற்றியே இல்லாமலும் இருக்கலாம். எனக்கு அப்படி ஆனது. வருஷக் கணக்காக நெஞ்சடைக்கக் கேட்ட ஒரு வங்காளிப் பாட்டுக்கு நண்பரிடம் அர்த்தம் கேட்டேன். மீன் பேரம் பேசுகிறார்களாம். அப்புறமும் அதைக் கேட்டால் நெஞ்சடைக்கத்தான் செய்கிறது.

எனக்குத் தோன்றுவது இதுதான்: புரிகிற பாட்டில் கவிஞர் தன் துக்கத்தைச் சொல்லிவிடுகிறார், நாம் கேட்டுக்கொள்கிறோம். புரியாத பாட்டில் அந்த இடம் காலியாக இருக்கிறது. நம்முடையது போய் உட்கார்ந்துகொள்கிறது. அன்றைக்கு உங்களுடையது என்ன என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

பாட்டே இல்லாமல் நாள் கணக்கில் அழுகை வந்தால் மட்டும் டாக்டரைப் பாருங்கள். மற்றபடி, அர்த்தம் தெரிய வேண்டுமானால் கேட்டுக்கொள்ளுங்கள். அவசரமில்லை, இன்னும் பத்துத் தடவை கேட்டுவிட்டு. என்ன பாட்டு என்றே தெரியவில்லையா? அடுத்த தடவை அதே பஸ் வந்தால் கண்டக்டரிடம் சொல்லிப் பாருங்கள். பென் டிரைவில் வைத்திருப்பார்கள்.