ஆச்சியின் பிரஷும் மகளின் மேற்படிப்பும்

மதிப்பிற்குரிய ஐயா,

செங்கோட்டையில் நடந்த மேற்படிப்பு ஆலோசனைக் கூட்டத்தில், "டிசைன் படிக்கப் போகிறாளாம், படம் வரைந்து பிழைக்க முடியுமா?" என்று கேட்டீர்கள். அன்று கூட்டம் நெருக்கியதால் சுருக்கமாகச் சொன்னதை இப்போது விரிவாக எழுதுகிறேன்.

தங்கள் மகள் பையிலிருந்து எடுத்துக் காட்டிய பல் துலக்கும் பிரஷ் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மூட்டுவாதத்தால் விரல் மடக்க முடியாத ஆச்சிக்காக, அதன் கைப்பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டியிருந்தாள். மெல்லிய பிடியைப் பற்ற விரல்கள் முழுவதும் மடங்க வேண்டும், பருமன் கூடினால் பாதி மடங்கினாலே போதும் என்பதை யாரும் சொல்லித்தராமல் கண்டுபிடித்திருக்கிறாள். டியூபின் மடிப்பில் பற்பசையும் ஈரமும் தங்கி நாறாதா என்று கேட்டேன். "நாறுகிறது சார், வாரம் ஒருமுறை பிரித்துக் கழுவுகிறேன்" என்றவள், ஆச்சியின் விரல் பதிவைக் களிமண்ணில் எடுத்து அதே பள்ளங்களுடன் பிடி செய்யலாமா என்று கேட்டாள். நல்ல கேள்விதான், ஆனால் பல் துலக்கும்போது கை ஒரே நிலையில் இருப்பதில்லை. வெளிப்புறப் பற்களிலிருந்து உட்புறத்துக்குப் போகும்போது கைப்பிடி விரல்களுக்குள் சுழல்கிறது, கட்டைவிரல் இடம் மாறுகிறது. ஒரு நிலைக்கென்றே பள்ளம் வெட்டிய பிடி மற்ற நிலைகளில் உறுத்தும். எனவே, எப்படித் திருப்பினாலும் இதமாக இருப்பதும், நுரை பட்ட ஈரக்கையில் வழுக்காமல் இருப்பதும் ஒரே வடிவத்தில் அமைய வேண்டும்.

இப்படி ஒரு பொருளை வடிவமைப்பதுதான் டிசைன், இதற்குப் படம் வரைந்தால் மட்டும் போதாது. பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் வார்த்த கைப்பிடியின் மேல், ரப்பர் போன்ற மென்மையான எலாஸ்டமரை இரண்டாவதாக வார்க்கிறார்கள். இரண்டும் ஒட்டக்கூடியவையாக இல்லாவிட்டால் மேல்பூச்சு உரிந்துவிடும். பிடியை வெறுமனே பருமனாக்கினால் பிளாஸ்டிக் ஆற நேரமாகும், மேற்பரப்பும் குழிந்துவிடும், விலையும் ஏறும். ஆகவே அவள் இயற்பியலையும் வேதியியலையும் கைவிடக் கூடாது.

படிப்புக்கு வருகிறேன். 1961இல் அகமதாபாத்தில் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனத்தையும் என்.ஐ.டி. என்றே சொல்கிறார்கள், அது திருச்சி என்.ஐ.டி. போன்ற பொறியியல் கல்லூரி அல்ல, அதற்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. ஐ.ஐ.டி.களின் டிசைன் பட்டப்படிப்புக்கு யூசீட் தேர்வு எழுத வேண்டும். அதன் வினாத்தாள் ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்பதால், தமிழ்வழியில் படிக்கும் அவள் இன்றிலிருந்தே ஆங்கில வாசிப்பைத் தொடங்கட்டும். இடங்கள் குறைவு, போட்டி கடுமை. இதை மறைத்துச் சொல்வது முறையன்று. வீட்டுக்கு அருகில் வேண்டுமென்றால், செங்கோட்டையிலிருந்து கொல்லம் செல்லும் ரயில் பாதையில் சந்தனத்தோப்பில் கேரள மாநில வடிவமைப்பு நிறுவனம் இருக்கிறது; கேரள மாநிலத்தவர் அல்லாதவர்களுக்கான இடங்களை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். இவை எதுவும் அமையாவிட்டால், சென்னை கிண்டியிலுள்ள சிப்பெட் என்ற மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனத்தில், பிளாஸ்டிக்கை வார்க்கும் அச்சுகளைச் செய்யும் தொழில்நுட்பம் படிக்கலாம். அச்சு வேலை அறிந்தவருக்குத் தொழிற்சாலைகளில் எப்போதும் தேவை இருக்கிறது என்பதால், அதை நான் குறைவாக மதிப்பதில்லை.

மகள் களிமண்ணில் பிடி மாதிரிகள் செய்து பார்த்தால், அவற்றைத் தூக்கி எறிய விடாதீர்கள். ஒவ்வொன்றையும் ஆச்சி ஈரக்கையால் பிடித்துப் பார்க்கட்டும். எங்கே வலித்தது, எங்கே நழுவியது என்று அவர் சொல்வதை அவர் சொற்களிலேயே, தேதியிட்டு, மகள் ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும்.