பிரெஞ்சை டிகிரியா படிக்கலாமோ? கொழும்பில இருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்

களனி கம்பஸில பிரெஞ்சு ஸ்பெஷல் செய்திட்டு இப்ப கொழும்பில படிப்பிக்கிறன். ஏஎல் ரிசல்ட்ஸ் வந்தா எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே கேள்வியளைத்தான் கேக்கிறீங்க, அதால ஒரே இடத்தில பதில் போடுறன்.

கேள்வி (வெள்ளவத்தைத் தங்கச்சி): அக்கா, டிகிரியும் அலியான்ஸ் பிரான்சேஸ் (பிரெஞ்சு படிப்பிக்கிற நிலையம்) கிளாஸ் மாதிரித்தானே? அங்க மட்டும் படிச்சா காணாதோ?

பதில்: இல்லையம்மா, ரெண்டும் வேற வேற. கிளாஸுக்குப் போனா கதைக்க, வாசிக்க, எழுதப் பழகி டெல்ஃப் எண்டுற பிரெஞ்சு மொழித் தகுதி எக்ஸாம் எடுப்பீங்க. டிகிரியில மொழி ஒரு பாதிதான், மிச்சம் இலக்கியம், வரலாறு, மொழிபெயர்ப்பு, மொழியியல் எண்டு போகும். கல்சர் எண்டா ஐஃபல் டவரும் சீஸும் எண்டு நினைச்சுக்கொண்டு வாறவை கெதியா களைச்சுப் போவினம். 17ம் நூற்றாண்டு நாடகாசிரியர் மோலியேர் ஒரு பக்கம், இன்னொரு பக்கம் 1930களில பாரிஸில படிச்சுக்கொண்டிருந்த, பிரான்ஸ் ஆண்ட கரீபியன் தீவு மார்த்தினிக்கின்ர பெடியன் எமே செசேரும், பிறகு செனகலுக்கு முதல் ஜனாதிபதியா வந்த செங்கோரும் சேர்ந்து தொடங்கின நெக்ரித்யூட் எண்டுற, கறுப்பினத்தவரின்ர அடையாளத்தைப் பெருமையாச் சொன்ன இலக்கிய இயக்கம். தங்களை ஆண்டவையின்ர மொழியிலயே எழுதி அவையைக் கேள்வி கேட்ட ஆக்கள். எங்கட நாட்டில ஏன் சிலர் இங்கிலீஷில எழுதுகினம் எண்டு யோசிச்சுப் பாத்த பிள்ளைக்கு இது உடன பிடிபடும், என்னைக் கேட்டா முழு டிகிரியிலயும் ருசியான இடம் இதுதான். வாசிக்கப் பஞ்சியெண்டா இந்தப் பக்கம் வராதீங்க, கிளாஸே போதும்.

கேள்வி (தெமட்டகொடைத் தம்பி): நான் தமிழ் மீடியம். இங்கிலீஷ் மீடியம் ஆக்களோட ஈடு குடுக்கேலுமா?

பதில்: வடிவா ஏலும். சொல்லுகள் கனக்க இங்கிலீஷ் மாதிரி இருக்கிறதால வாசிக்கேக்க அவைக்குக் கொஞ்சம் லேசு, அது உண்மை. ஆனா லியேஸோன் எண்டு ஒண்டு இருக்கு, 'லே'யும் 'அமி'யும் (நண்பர்கள்) சேந்தா இடையில ஒரு ஸகரம் முளைச்சு 'லேஸமி' ஆகும், ரெண்டு சொல் சேரேக்க சத்தம் மாறும் எண்டுறது புணர்ச்சி இலக்கணம் பாடமாக்கின உங்களுக்குப் புதுசில்லையே. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் எண்டுறதுதான் எல்லாருக்கும் தலையிடி. அதுக்குக் குறுக்குவழி இல்ல, சொல்லைப் படிக்கேக்கயே பாலையும் சேத்துப் படிக்கோணும்.

கேள்வி (கொட்டாஞ்சேனையில ஒரு அம்மா): பிள்ளை ஆசைப்படுறா. வேலை கிடைக்குமோ?

பதில்: அன்ரி, பிரெஞ்சு மட்டும் எண்டா கஷ்டம். தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூண்டும் ஓடுற பிள்ளை பிரெஞ்சையும் சேத்துக்கொண்டா டூரிஸ்ட் கைட், ஹோட்டல், மொழிபெயர்ப்பு, படிப்பிக்கிறது எண்டு வழி இருக்கு. டிகிரியோட பக்கத்தில டூரிஸமோ மார்க்கெட்டிங்கோ ஏதாவது ஒண்டு படிக்கச் சொல்லுங்கோ.

கேள்வி (பேங்கில வேலை செய்யிற அண்ணா): டெல்ஃப் பி2 (ஆறு மட்டத்தில நாலாவது) இருக்கு, கனடாவுக்குக் குடியேற எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில போட காணுமா?

பதில்: காணாது அண்ணா. அதுக்கு டெஃப் கனடா இல்லாட்டி டிசிஎஃப் கனடா எண்டுற பிரெஞ்சு எக்ஸாம்தான் எடுக்கோணும், ரிசல்ட் 2 வருஷத்துக்குத்தான் செல்லும். டெல்ஃப் சேர்ட்டிஃபிகேட் காலாவதியாகாது, ஆனா இங்க உதவாது. 2023ல இருந்து பிரெஞ்சு தெரிஞ்ச ஆக்களுக்கெண்டு தனி டிராவும் (ஆக்களைத் தெரிவு செய்யிற சுற்று) வைக்கினம். ரிசல்ட் 2 வருஷம்தான் எண்டபடியா அவசரப்பட்டு எடுக்காம ஸ்கோர் நல்லா வரும் எண்டு தெரிஞ்ச நேரம் எடுங்கோ.

கேள்வி (பம்பலப்பிட்டித் தம்பி): மாமா பாரிஸ் லா ஷப்பெல் பக்கம் இருக்கிறார். அங்கயே போய்ப் படிச்சா?

பதில்: லிஸோன்ஸ் எண்டுற முதல் டிகிரி 3 வருஷம், அதுக்குப் பிறகு மாஸ்டர் 2 வருஷம். பிரெஞ்சில நடக்கிற லிஸோன்ஸுக்குப் பொதுவா பி2 கேப்பினம். ஐரோப்பிய யூனியனுக்கு வெளிய இருந்து வாறவைக்கு 2019ல அரச யூனிவர்சிட்டிகளில ஃபீஸைக் கூட்டினவை, அப்ப லிஸோன்ஸுக்கு வருஷம் 2,770 யூரோ, மாஸ்டருக்கு 3,770, பிறகு இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கு. சில யூனிவர்சிட்டிகள் ஃபீஸைக் குறைச்சும் விடும், அப்ளை பண்ண முதல் ஒவ்வொண்டாப் பாருங்க. மற்றது, லா ஷப்பெலில தமிழ்க்கடை, கோயில், தேர் எல்லாம் இருக்கு, ஒரு சொல் பிரெஞ்சு இல்லாம சீவிக்கலாம். மாமா வீட்டில சாப்பிடுங்க, கூட்டாளிமாரை வேற இடத்தில பிடிங்க.

கேள்வி (அதே தம்பி): டெல்ஃபில கதைக்கிற பகுதி பயமா இருக்கு, அதில குறைஞ்சா ஃபெயிலா?

பதில்: நாலு பகுதி, ஒவ்வொண்டுக்கும் 25. மொத்தம் 50 எடுத்தா பாஸ், ஆனா எந்தப் பகுதியிலயும் 5க்குக் கீழ போகக்கூடாது. அதால தெரிஞ்சதைக் கதையுங்க, பேசாம இருந்திடாதீங்க.